குழல்வாய்மொழியின் பாஸ்வேர்டு

“யாரோ என் பெட்டியத் தொட்டிருக்காவ!”

இலஞ்சியில் குழல்வாய்மொழி வீட்டில் காலையில் பால் பொங்குகிறதோ இல்லையோ, இந்தச் சத்தம் கேட்டுவிடும். பெட்டி என்று அவள் சொல்வது லேப்டாப்பை. திரையில் நேற்று இடப்பக்கம் இருந்த படம் இன்றைக்கு வலப்பக்கம் போயிருக்கும். எழுத்து சிறுத்திருக்கும். ஒரு நாள் திரைக்குக் கீழே ஓடும் பட்டையையே காணவில்லை. தொட்டது யார்? வீட்டில் இருப்பது அவளும் புருஷன் கணேசமூர்த்தியும்தான். அவர் பஸ் கண்டக்டர். போனில் அலாரம் வைக்கவே பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவர். அவர் தொட்டிருக்க மாட்டார் என்று தெருவுக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

சந்தேகம் அவளுக்கு மூச்சு மாதிரி. குத்தாலத்தில் மெயினருவியில் எல்லாரையும் குளிக்க விட்டுவிட்டார்கள் என்றாலும் இவள் இறங்க மாட்டாள். ஓரமாக நின்று மேலே பார்ப்பாள். தண்ணீர் கலங்கி வருகிறதா, குச்சி இலை அடித்து வருகிறதா என்று பார்ப்பாள். இவள் பார்த்து முடிப்பதற்குள் கூட வந்தவர்கள் குளித்துத் தலை துவட்டி மிளகாய் பஜ்ஜிக் கடைக்குப் போயிருப்பார்கள். மங்குஸ்தான் வாங்கினால் ஒரு பழத்தை உடைத்துக் காட்டச் சொல்லுவாள். வெள்ளை வெளேர் என்று சுளை இருந்தால், “பாத்தியா, நல்லதாத் தேடி உடைக்கான்” என்பாள்.

இந்தக் குணத்தோடு அவள் பார்த்த வேலை கல்யாணப் பத்திரிகை அடிப்பது. அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. தாய்மாமன் பெயரை எழுதிக் கொடுத்தால் அப்படியே அடிக்க மாட்டாள். போன் போட்டு, “மாமா பேரு நெசமாவே இதானா? இல்ல, வீட்டுல கூப்புடுத பேரா?” என்று கேட்பாள். தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பெயருக்கு முன்னால் ‘திரு’ போடுவாள். அவள் அடித்த பத்திரிகையில் பிழை என்று சொல்லி யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஆனால் பத்திரிகை அவள் ஒருத்தி வேலை இல்லை. தமிழ் முழுக்க அவள். பூ, கொடி, பார்டர், கலர், முஸ்லிம் வீட்டு நிக்காஹ் பத்திரிகை என்றால் தலைப்பில் வருகிற அரபி வரி, எல்லாம் ஹஸீபா. அடுத்த தெரு. புருஷன் சவூதியில், தம்மாமில். ஹஸீபாவுக்குத் தமிழ் டைப்பிங் வராது, குழல்வாய்மொழிக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஒரே லேப்டாப், ஒரு பிரிண்டர், இரண்டு பெண்கள். தென்காசியில் இருக்கிற அச்சகத்துக்காரர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஒருத்தி தனியாகப் போனால், “இன்னொரு கை எங்க?” என்பார்.

அந்த லேப்டாப் போன வருஷம் படுத்துவிட்டது. திறந்தால் ஒரு பக்கம் வைரஸ், இன்னொரு பக்கம் ‘இது அசல் இல்லை’ என்று கறுப்புத் திரையில் எழுத்து. அந்த நேரம் பார்த்து ஹஸீபாவின் தம்பி முகம்மது சலீம் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. லேப்டாப்பைப் பார்த்தவன், “அக்கா, இதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருவோம். பழைய மிசினுக்கு அதான் சரி. சும்மாவே கெடைக்கும்” என்றான்.

“சும்மாவா?” என்றாள் குழல்வாய்மொழி.

“சும்மாதான்க்கா.”

“யாரு குடுக்கா?”

“உலகம் பூரா ஆளுக சேந்து எழுதுதாவ. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்.”

“அவுகளுக்கு என்ன கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காது.”

“எய்யா சலீம், குத்தாலத்துல ஒருத்தன் வந்து, ஒடம்பு பூரா ஓசியில எண்ணெ தேச்சு விடுதேன், வான்னு கூப்புட்டா நீ போவியா?”

சலீம் யோசித்தான். “போவ மாட்டேன்க்கா.”

“பெறவு?”

சலீம் வேறு பக்கமாக வந்தான். “இப்ப இதுல இருக்க விண்டோஸ் நீங்க துட்டு குடுத்து வாங்குனதா?”

“லேப்டாப் வித்தவன் போட்டுக் குடுத்தான்.”

“அது திருட்டுக் காப்பிக்கா. அதான் இப்படி எழுத்து வருது.”

குழல்வாய்மொழிக்கு முகம் மாறிவிட்டது. “திருட்டுச் சாமானா? என் வீட்டுலயா இம்புட்டு நாளும் இருந்துச்சு? எடுத்து எறி. உன் ஓசியவே போடு. ஆனா நான் பக்கத்துல இருந்து பாப்பேன்.”

பார்க்கவும் செய்தாள். அவன் பென்டிரைவைச் செருகியதிலிருந்து ஒவ்வொரு பட்டனுக்கும் “இது எதுக்கு?” என்றாள். தமிழ் எழுத்துருக்களை ஏற்றினான். பிரிண்டரைச் சேர்த்தான். மூன்று மொழியும் அடிக்கிற மாதிரி வைத்தான். திரையின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் தெரியும். அதில் இங்கிலீஷா தமிழா அரபியா, எது இருக்கிறதோ அந்த மொழியில்தான் கீபோர்டு எழுதும். ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினால் அடுத்த மொழிக்கு மாறும். “எதாச்சும் ஏடாகூடமா வந்தா மொதல்ல மூலையப் பாருங்க” என்று இரண்டு பேருக்கும் சொன்னான். பாஸ்வேர்டாக வெறும் நம்பர் வைத்தான். கணேசமூர்த்தி வேலை பார்க்கிற பஸ்ஸின் நம்பர். யாருக்கும் மறக்காது.

எல்லாம் முடிந்ததும் குழல்வாய்மொழி நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லேப்டாப்பின் கேமரா கண்ணில் ஒட்டினாள்.

“என்னக்கா இது?”

“உலகம் பூரா ஆளுக சேந்து எழுதுதாவன்னியே. அம்புட்டு பேரும் என் வீட்டப் பாக்கணுமா?”

லீவு முடிந்து சலீம் போய்விட்டான். புது ஏற்பாடு வேகமாகத்தான் ஓடியது. ஆனால் காலைச் சத்தம் நிற்கவில்லை, கூடியது. கீழ்ப்பட்டை காணாமல் போன அன்றைக்கு அவள் ஷார்ஜாவுக்கே போன் போட்டுவிட்டாள். அவளே பட்டையின் மேல் தெரியாமல் வலது பக்க பட்டனை அமுக்கி, வந்த பட்டியலில் எதையோ தட்டி ஒளித்து வைத்திருந்தாள். சலீம் பொறுமையாகச் சொல்லிச் சரிசெய்தான். “நான் எதுக்கு ஒளிச்சு வைக்கேன்? நீ அங்கன இருந்து எதயும் அமுக்கலயே?” என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அவன் அங்கேயிருந்து அமுக்க வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. தூரத்திலிருந்தே இந்த லேப்டாப்பைத் திறந்து பழுது பார்க்க ஒரு புரோகிராமைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதைக் குழல்வாய்மொழியிடம் சொல்லுவதற்கு அவனுக்குத் தைரியமில்லை. ஹஸீபாவிடம் சொல்லி, “லாத்தா, நேரம் பாத்து நீயே சொல்லிரு” என்றான். ஹஸீபாவுக்கும் அந்த நேரம் வாய்க்கவில்லை.

ஆனி மாசம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அச்சன்புதூர் ஒலி முகம்மது வீட்டு நிக்காஹ் பத்திரிகை வேலை நடந்தது. மகள் அலிமாவுக்குக் கல்யாணம். தமிழ் அடித்துக் கொண்டிருந்த குழல்வாய்மொழி மாதிரிக்கு ஒரு தாள் எடுத்துப் பார்த்தால், ‘ணை’ வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. ஹஸீபா தம்பிக்கு மெசேஜ் போட்டாள். அவன், நான் பார்க்கிறேன், நீ திரையில் ‘சரி’ மட்டும் அமுக்கு என்றான். அமுக்கிவிட்டு, அஸர் தொழுதுவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டுக்குப் போனாள். குழல்வாய்மொழி அடுப்படியில் இருந்தாள்.

காப்பியோடு வந்து பார்த்தால், லேப்டாப்புக்கு முன்னால் ஆள் இல்லை. திரையில் மவுஸ் அம்பு மட்டும் தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

மேலே போனது. திரையில் ஒரு கட்டத்தைத் திறந்தது. உள்ளே எதையோ தேடியது. மூடியது. இன்னொன்றைத் திறந்தது.

“ஏலே!” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். குழல்வாய்மொழி ஓடிப் போய் இன்டர்நெட் வருகிற வொயரைப் பிடுங்கினாள். அம்பு நின்றது. ஓசி என்றபோதே நினைத்தோமே. உள்ளே வர வழி வைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறான். வழி வைத்தவன் யார்? பாஸ்வேர்டு தெரிந்தவன். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? சலீமுக்குத் தெரியும்.

உட்கார்ந்தாள். மவுசைக் கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டி, பாஸ்வேர்டு மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். பழையது என்ன என்று கேட்டது. பஸ் நம்பரைப் போட்டாள். புதியது என்ன என்று கேட்டது. கோபத்தில் என்ன வந்ததோ அதை அடித்தாள். இன்னொரு தடவை அடி என்றது, அதையே அடித்தாள். கட்டத்தில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. சரி என்று ஏற்றுக்கொண்டது. ஹஸீபாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் காப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் திறந்தாள். புதுப் பாஸ்வேர்டைப் போட்டாள். ‘தவறு’ என்றது. மெதுவாகப் போட்டாள். தவறு. பஸ் நம்பரைப் போட்டாள். அதுவும் தவறு.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பூட்டை மாற்றினேன். அவன் அங்கேயிருந்து அதையும் மாற்றிவிட்டான்.

ஹஸீபா வந்தபோது நாற்காலி போடவில்லை. நிற்க வைத்தே கேட்டாள். “ஏட்டி, நேத்து என் பெட்டிக்குள்ள அம்பு தானா ஓடுச்சு. இன்னைக்குத் தொறக்க மாட்டேங்கு. உன் தம்பி பாஸ்வேர்ட மாத்திட்டு என்ன பண்ணுதான் அங்கன உக்காந்து?”

“அக்கா, அது அவந்தான். பிரிண்டர சரி பாக்கச் சொல்லி நாந்தான் விட்டேன். உங்கள்ட்ட சொல்லணும்னு…”

“நீதான் விட்டியா?”

“கட்டங்கட்டமா வந்துச்சுல்லா, அதுக்குத்தான்.”

“என் வீட்டுக்குள்ள ஆள விட்டுட்டு, என்கிட்ட சொல்லாம நீ தொழுவப் போயிட்டியாக்கும்?”

ஹஸீபாவுக்கு முகம் சிவந்தது. “என்ன பேச்சு பேசுதிய? அவன் ராப்பகலா உங்களுக்கு ஓசியில பாத்துக் குடுத்தான்.”

“அதான் கேக்கேன். ஓசியில எதுக்குப் பாத்தான்?”

ஹஸீபா மேசையிலிருந்த தன் பென்டிரைவையும் கலர் அட்டைகளையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். “என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. என் தம்பிய கள்ளப்பய மாதிரி பேசுத வீட்டுல நான் உக்கார முடியாது. தென்காசி அச்சாபீஸ் அண்ணாச்சி அங்கனயே வந்து இரும்மான்னுதான் சொல்லுதாரு. நான் போறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போயேவிட்டாள். குழல்வாய்மொழி கூப்பிடவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவள் சோற்றில் புளிக்குழம்புக்குப் பதில் ரசத்தை ஊற்றிப் பிசைந்ததைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த கணேசமூர்த்தி பார்த்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “லினக்ஸாம்மா? எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து போடணும். உள்ள உள்ளது எதுவும் மிஞ்சாது” என்றார்.

“மிஞ்சாதுன்னு எப்படித் தெரியும்?”

“எங்களுக்குத் தெரியும்மா.”

“தொறந்தே பாக்காம எப்படி?”

அவர் கேமராவில் இருந்த பொட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் வந்து நின்றாள். “ஏங்க, நீங்க எதயாச்சும் அமுக்குனியளா?”

கணேசமூர்த்தி டிக்கெட் பையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நான், ஹஸீபா, அவ தம்பி, கடைக்காரன், உலகம் பூரா எழுதுதவன், எல்லாரையும் பாத்தாச்சு. இன்னும் நீ சந்தேகப்படாத ஆளு இந்த வீட்டுல ஒருத்திதான் இருக்கா.”

“யாரு?”

அவர் கண்ணாடியைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடேயே யோசிக்கவும் செய்தாள். பெட்டி திறக்காவிட்டால் போகட்டும். அச்சன்புதூர்ப் பத்திரிகையை இன்னொரு தடவை அடித்துக்கொள்ளலாம். ஹஸீபா அந்த அச்சாபீசில் போய் உட்கார்ந்துவிட்டால்? காலையில் “யாரோ தொட்டிருக்காவ” என்று சொன்னால், “தொட்டது நீங்கதாங்க்கா” என்று சொல்லிச் சிரிக்க யார் இருக்கிறார்கள்? பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மேலே ஒரு பாலித்தீன் தாளைச் சுற்றி, சாரலில் நனைந்துகொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

ஹஸீபா கதவைத் திறந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் துண்டு கொடுத்தாள். டீ வைத்தாள்.

“தொறந்து குடு. உன் வேலையும்லா உள்ள கெடக்கு” என்றாள் குழல்வாய்மொழி. மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

“பஸ் நம்பரப் போட்டியளா?”

குழல்வாய்மொழி டீயைப் பார்த்தாள். “அத நான் மாத்திட்டேன்.”

“எப்ப?”

“அம்பு ஓடுன அன்னைக்கே.”

“மாத்திட்டு, அவன் மாத்திட்டான்னு சொன்னியளா?”

“நான் மாத்துனத அவன் மறுபடி மாத்திட்டான்னு சொன்னேன்.”

ஹஸீபா பெருமூச்சு விட்டாள். “சரி, என்ன போட்டிய? சொல்லுங்க, நான் அடிச்சுப் பாக்கேன்.”

“சொல்ல முடியாது.”

“ஏன்?”

“பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லப்பிடாதுன்னு உன் தம்பிதான் சொன்னான். நீ திரும்பிக்கோ, நானே அடிக்கேன்.”

ஹஸீபா திரும்பி உட்கார்ந்தாள். தட தடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. தவறு. இன்னொரு தடவை. தவறு.

“அக்கா, எழுத்து எதும் முன்னப்பின்ன விழுதான்னு பாப்போம். மறுபடி அடிங்க. அந்தக் கட்டத்து ஓரத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும். அத அமுக்குனா புள்ளி போயி எழுத்து தெரியும்.”

“வேண்டாம்.”

“பெறவு எப்படித்தான் தொறக்க?”

“தொறக்காட்டா போவுது, வேண்டாம்னா வேண்டாம்!”

அதற்குள் மறுபடியும் அடித்து முடித்திருந்தாள். ஹஸீபா சட்டென்று திரும்பி அந்தக் கண்ணைத் தட்டிவிட்டாள். திரையில் பெரிசாக இங்கிலீஷ் எழுத்தில் வந்தது: salimthirudan.

சலீம் திருடன்.

குழல்வாய்மொழி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்து போகலாமா என்று வாசலைப் பார்த்தாள். ஹஸீபா திரையை ஒவ்வொரு எழுத்தாக, வாய் அசைய, படித்தாள்.

“ஸ்பெல்லிங் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

குழல்வாய்மொழி இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத மாத்துததுக்கு முந்தி என்ன பண்ணிகிட்டு இருந்திய?”

“அலிமா பத்திரிகை அடிச்சுகிட்டிருந்தேன்.”

“தமிழ்லயா?”

“பெறவு? சீனத்துலயா?”

“தமிழ்ல இருந்தத இங்கிலீஷுக்கு மாத்துனியளா?”

“அம்பு தானா ஓடும்போது அதெல்லாம் யாருட்டி பாத்தா?”

ஹஸீபா திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். இங்கிலீஷ் இருந்தது. புதிதாகத் திறக்கும்போது எப்போதும் அதுதான் இருக்கும். அதைத் தட்டித் தமிழுக்கு மாற்றினாள். பிறகு தன் தம்பியைத் திருடன் என்று சொல்லுகிற அதே இங்கிலீஷ் எழுத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாக, தன் விரலாலேயே அமுக்கினாள். கட்டத்துக்குள் வந்தது: இஅதனரஏகனஐறஉஅல.

என்டரைத் தட்டினாள். திறந்துகொண்டது. அலிமாவின் பத்திரிகை பத்திரமாக இருந்தது.

பழைய பாஸ்வேர்டு வெறும் நம்பர். நம்பருக்குத் தமிழ் என்ன, இங்கிலீஷ் என்ன? அதனால் அன்றைக்குத் தமிழில் இருந்தபோதும் அது ஏற்றுக்கொண்டது. இங்கிலீஷ் என்று நினைத்து அவள் அடித்த புதியது மட்டும் தமிழ் எழுத்தாக, புள்ளிக்குப் பின்னால் ஒளிந்து உள்ளே போய்விட்டது. யாரும் எதையும் மாற்றவில்லை. குழல்வாய்மொழி பூட்டியதை குழல்வாய்மொழியால் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஹஸீபா அந்த வரியை இன்னொரு தடவை வாய்விட்டுப் படிக்கப் பார்த்தாள். “இஅதனர… ஏகனஐ…” முடியவில்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். “எங்க வாப்பா ஆடு அறுத்து வச்ச பேருக்கா அது! அத இப்படி ஆக்கிட்டியளே!”

“நானா ஆக்குனேன்? பெட்டிதான் ஆக்குச்சு” என்றாள் குழல்வாய்மொழி. டீயைக் கடகடவென்று குடித்தாள். “நான் மாத்திருதேன் இப்பவே.”

“மாத்தப்பிடாது.”

“என்னட்டி?”

“நான் திரும்பி வரணும்னா இத மாத்தப்பிடாது. தெனமும் நீங்களே, உங்க கையால, தமிழுக்கு மாத்தி, இதத்தான் அடிச்சுத் தொறக்கணும். நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்.”

குழல்வாய்மொழி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். “இதுல உனக்கு என்ன கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காது. ஓசிதான்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் சலீமுக்குப் பெயர் இஅதனர; salim என்று அடித்தால் தமிழில் விழுவது அதுதான். “இஅதனர போன் பண்ணுனான்க்கா” என்பாள் ஹஸீபா. காரணம் அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் சொல்லவில்லை. ஏதாவது பழுது என்றால் இப்போது முதலில் குழல்வாய்மொழியிடம் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். அம்பு ஓடுகிற நேரம் முழுக்க அவள் ஒரு கையை இன்டர்நெட் வொயரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கட்டம் கட்டமாக வந்த எழுத்தையும் அவன்தான் சரிசெய்தான். அவன் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றால் கேமராவில் இருக்கிற பொட்டை உரித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறாள். பேசி முடித்ததும் திரும்பவும் அங்கே ஒட்டிவிடுகிறாள். மன்னிப்பு என்று அவள் கேட்டது இவ்வளவுதான்.

காலைச் சத்தம் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் கேட்கிறது.

சாரலுக்குக் குத்தாலம் வருகிறவர்கள், அருவியில் தள்ளுமுள்ளாக இருந்தால், ஒரு எட்டு இலஞ்சிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பத்திரிகை அடிக்கிற குழல்வாய்மொழி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். எதற்கு வந்தீர்கள், யார் அனுப்பியது என்று வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்பாள், கோபப்படாதீர்கள். வீட்டில் கல்யாணம் இருந்தால் பத்திரிகையை அவளிடமும் ஹஸீபாவிடமும் கொடுங்கள், பிழையில்லாமல் வரும். ஒன்று மட்டும்: அவள் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும் என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.